சக்கரத்துக்கு அடியில் என்ன கல்?

சைக்கிளில் போகும்போது "முன்னால் பார்த்து ஓட்டு" என்றுதான் வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். சரிதான். ஆனால் ஆற்றோரத்து மண்பாதையில் போகும்போது, சைக்கிளை நிறுத்தி இறங்கி ஒருமுறை குனிந்து பாருங்கள். காலடியில் கிடக்கும் கல் கூர்மையாக இருக்கிறதா? கூழாங்கல்லாக இருக்கிறதா? அல்லது மணலா? அதை வைத்தே, நீங்கள் மலைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்களா, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்களா என்று ஓரளவு சொல்லிவிடலாம்!

(குவாரியில் உடைத்து லாரியில் கொண்டுவந்து கொட்டிய ஜல்லிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கும்.)

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள சின்னசேலத்தில் நின்று வடக்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. சுமார் 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயரம். கோமுகி ஆறு அங்கேதான் பிறக்கிறது. மணிமுத்தாறும் அதே மலையில்தான் பிறக்கிறது. அது விருத்தாசலம் வழியாகப் போகிறது. இரண்டு ஆறுகளின் தண்ணீரும் கடைசியில் வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டை அருகே வங்காள விரிகுடாவில் கலந்துவிடுகிறது. சின்னசேலத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். வாருங்கள், மனதுக்குள் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு, மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரை போய் வரலாம்.

முதலில் கச்சிராயபாளையம் பக்கம், கோமுகி அணை இருக்கும் மலையடிவாரம். இங்கே ஓடைகளின் ஓரத்தில் கற்கள் முனை முனையாக இருக்கும். வெயிலில் சூடாகி, இரவில் குளிர்ந்து, மழையில் ஊறி, மரவேர் நுழைந்து, பாறை உடைந்து விழுந்த கற்கள் இவை. அதிக தூரம் உருளாததால் முனை மழுங்கவில்லை.

கல்வராயன் மலைப் பாறைகளில் சார்னோகைட் என்று ஒரு வகை உண்டு. பெயர் வந்த கதை வேடிக்கையானது. ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை கொல்கத்தாவில் இருக்கிறது. அதில் வைத்த கல் நம் சென்னைப் பக்கத்துக் கல். அதை ஆராய்ந்த நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட், அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். நம் ஊர்க் கல்லுக்குக் கொல்கத்தா கல்லறையிலிருந்து பெயர்!

கூர்மையான கல்லில் சைக்கிள் ஓட்டுவது கஷ்டம் என்று நினைப்பீர்கள். பஞ்சர் ஆகும் என்பது உண்மை. ஆனால் சக்கரம் வழுக்குவது குறைவு. ஏன் தெரியுமா? முனை உள்ள கற்கள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் மெக்காடம் (1756–1836) இதை வைத்துத்தான் ரோடு போட்டார். பெரிய பெரிய கல்லை அடுக்காமல், கல்லைச் சின்னதாக உடைத்துப் பரப்பினால் போதும், வண்டிகள் ஏறி இறங்க இறங்க அதுவே இறுகிவிடும் என்றார். ஒரு கல் 6 அவுன்சுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட கட்டளை. கையில் தராசு இல்லாத தொழிலாளிகள், கல் தங்கள் வாய்க்குள் நுழைகிறதா என்று பார்த்துச் சோதித்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டாம்!

அணையைத் தாண்டி ஆற்றோடு கீழே வருவோம். இரண்டு பக்கமும் கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம். இங்கே கற்கள் உருண்டு திரண்டு கூழாங்கல்லாகிவிடும். வெள்ளம் வரும்போது கற்கள் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. மோதலில் முதலில் அடிபடுவது மூலைகள்தான். மூலை உடைய உடையக் கல் உருண்டையாகிறது. வெள்ளம் வடிந்தால் கல் அங்கேயே தூங்கும். அடுத்த வெள்ளத்தில் மறுபடி நகரும். ஒரு கல் சில கிலோமீட்டர் போவதற்கே பல தலைமுறை ஆகலாம்.

சைக்கிள்காரருக்கு ஆபத்து இந்த உருண்டைக் கல்தான்! கோலிக்குண்டைப் பரப்பி அதன்மேல் ஓட்டினால் எப்படி இருக்கும்? நம் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் தார் ரோட்டிலேயே மக்காச்சோளம் காயப்போடுவார்களே, அதன்மேல் சைக்கிளை விட்டுச் சறுக்கியவர்களுக்கு நன்றாகத் தெரியும். வளைவுக்குள் நுழைந்த பிறகு முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் முன் சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடும், ஆள் கீழே. வளைவுக்கு முன்பே, நேராகப் போகும்போதே, பின் பிரேக்கை மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஹேண்டில்பாரை இரும்புப்பிடியாகப் பிடிக்காதீர்கள். கை கொஞ்சம் தளர்ந்திருந்தால்தான் சைக்கிள் தானாகவே வழியைச் சரிசெய்துகொள்ளும். மேடு பள்ளத்தில் சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்ளுங்கள்.

காற்றையும் கவனியுங்கள். டயர் கல் போல இருந்தால் ஒவ்வொரு கல்லிலும் குதிக்கும். தார் ரோட்டுக்கு அடிப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால், டயர் கல்லை அமுக்கிக்கொண்டு போகும். ரொம்பக் குறைத்தால் ரிம் கல்லில் இடித்து டியூப் போய்விடும். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட பாதைகளுக்கென்றே 'கிராவல் பைக்' என்று தனியாகச் சைக்கிள் விற்கிறார்கள். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய ஒரு போட்டியில் 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீட்டர் தூரம் கல் ரோட்டிலேயே ஓட்டுகிறார்கள். 2022-இல் இத்தாலியில் இதற்கு முதல் உலகச் சாம்பியன் போட்டியும் நடந்தது. அந்தச் சைக்கிள்களின் டயர் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர் அகலம். நம் தாத்தாக்கள் ஓட்டிய கருப்பு சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம். கணக்குப் போடுங்கள்: 38 மில்லிமீட்டர்! ஏரிக்கரையிலும் வண்டிப்பாதையிலும் நெல் மூட்டை ஏற்றிப் போன அந்தச் சைக்கிள், பெயர் வைப்பதற்கு முன்பே 'கிராவல் பைக்'தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பான வாத்தியார். சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் சிறுவர்கள் சைக்கிள் ஓட்டவே வேண்டாம். மலைப்பாதை இறக்கமும் வேண்டாம். மண்பாதைதான் உங்களுக்கு நல்லது. அதுவும் பெரியவர் ஒருவர் கூட வந்தால். மழைக்காலத்தில் தரைப்பாலத்தின் மேலோ, ஏரி நிரம்பி வழியும் கோடியிலோ தண்ணீர் ஓடினால், முழங்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். பாசி வழுக்கும்; ஓடும் தண்ணீர் ஆளையே இழுத்துவிடும். திரும்பி வந்துவிடுங்கள். பள்ளிக்கு ஒருநாள் லீவு போட்டால் எந்த ஆசிரியரும் கோபிக்க மாட்டார்.

விருத்தாசலத்தையும் சேத்தியாத்தோப்பையும் தாண்டினால் தரை தட்டையாகிவிடும். ஆற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்த தண்ணீரால் பெரிய கல்லைத் தூக்க முடியாது, வழியிலேயே போட்டுவிடும். மணலும் வண்டலும்தான் தொடர்ந்து வரும். பரங்கிப்பேட்டையில் முகத்துவாரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கொஞ்சம் தெற்கே பிச்சாவரத்தின் சதுப்பு நிலக் காடுகள். கடற்கரை மணலில் சைக்கிள் புதையும். மெதுவாக, விடாமல் மிதிக்க வேண்டும். திடீரென்று திருப்பக் கூடாது. ஆழமான மணல் என்றால் கௌரவம் பார்க்காமல் இறங்கித் தள்ளுங்கள்.

மலையில் உடைந்த கல் எல்லாமே கடலுக்கு வந்து சேர்ந்துவிடுகிறதா? இல்லை. அணை கட்டினால் தண்ணீர் மதகு வழியாக வெளியேறும். கல்லும் கனமான மணலும் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். ஆற்றிலிருந்து லாரியில் ஏறிப்போன மணலும் கடலைப் பார்ப்பதில்லை. அலை கரையிலிருந்து மணலை இழுத்துக்கொண்டே இருக்கும். பதிலுக்கு ஆறு மணல் கொண்டுவராவிட்டால் கரை குறையும். கடலோரத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு இது பெரிய கவலை.

சரி, வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை. பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். உலர்ந்த ஆற்று மணலில் மெதுவாக இழுங்கள். காகிதத்தில் கரும்பொடி ஒட்டினால், அது மேக்னடைட் என்ற இரும்புத் தாது. எங்கோ ஒரு பாறைக்குள் இருந்து வந்தது. காந்தத்தைக் காகிதத்திலிருந்து பிரித்தால் பொடி உதிர்ந்துவிடும். ஒரு தீப்பெட்டியில் போட்டு, எந்த ஆற்று மணல் என்று மேலே எழுதி வையுங்கள். அடுத்த விடுமுறையில் கடற்கரைக்குப் போனால் அங்கேயும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.