ரெண்டு ஊசி, ஒரே நூல்: தோல் தைக்க ஆரம்பிக்கறவங்களுக்கு

பகல்ல கோடு எழுதிட்டு ராத்திரி தோல் தைக்கிறேன்னு போன எபிசோட்ல சொன்னேன். அதுக்கப்புறம் நிறைய பேர் "எங்க இருந்து ஆரம்பிக்கறது"ன்னு கேட்டிருந்தீங்க. "தர்மபுரியில இருந்துக்கிட்டு இதெல்லாம் முடியுமா"ன்னும் ஒரு கேள்வி. தாராளமா முடியும். இங்க இருந்து திருப்பத்தூர் வழியா போனா வாணியம்பாடி, அதைத் தாண்டினா ஆம்பூர். இந்தியாவோட தோல் தொழில்ல பெரிய பங்கு நம்ம பக்கத்து மாவட்டங்கள்லதான் நடக்குது.

ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் புரியணும். தோல்னா எல்லாம் ஒண்ணு இல்லை. பதப்படுத்துற முறையில ரெண்டு பெரிய வகை இருக்கு. ஒண்ணு குரோம் உப்புல பதப்படுத்தினது. இன்னிக்கு உலகத்துல பெரும்பாலான தோல் இதுதான். வேகமா முடியும், மெத்துன்னு இருக்கும், தண்ணியைத் தாங்கும். இன்னொண்ணு மரப்பட்டை, காய் இதுல இருக்கற துவர்ப்புச் சத்துல, அதாவது டானின்ல, பதப்படுத்தினது. கையால தைச்சு ஓரத்தைப் பளபளன்னு தேய்க்கணும்னா உங்களுக்கு வேண்டியது இந்த ரெண்டாவது வகை.

நம்ம ஊருல ரோட்டோரம் மஞ்சளா பூத்து நிக்குமே ஆவாரை, பொங்கலுக்குக் காப்புக் கட்டுறோமே, அதோட பட்டைதான் தென்னிந்தியாவுல ரொம்ப காலம் தோல் பதப்படுத்தப் பயன்பட்டது. கூடவே கடுக்காய். இந்த மாதிரி பட்டையில பதப்படுத்தி மெட்ராஸ்ல இருந்து கப்பல் ஏறின தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா லெதர்'னு பேர். அதுக்கு இப்ப தமிழ்நாட்டுப் பொருளா புவிசார் குறியீடும் இருக்கு. 'வெஜிடபிள் டான்'னு வெளிநாட்டு யூடியூபர்கள் கொண்டாடுற சமாச்சாரத்தோட வேர் நம்ம புறம்போக்குலயே நிக்குது. (இயற்கைப் பட்டைன்னா கழிவே இல்லைன்னு நினைச்சிடாதீங்க. எந்தத் தோல் பதனிடும் ஆலையிலயும் கழிவுநீர் உண்டு. பாலாறு விஷயத்துல உச்ச நீதிமன்றம் 1996ல தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது இந்தக் கழிவாலதான்.)

கடையில எப்படிக் கண்டுபிடிக்கறது? வெட்டின ஓரத்தைப் பாருங்க. நடுவுல நீலமோ சாம்பலோ தெரிஞ்சா குரோம். வேலைப்பாடு செய்யாத தோல்ல ஒரு சொட்டுத் தண்ணி வைங்க. உறிஞ்சி உடனே கருத்தா பெரும்பாலும் பட்டைத் தோல். எரிச்சுப் பாக்கச் சொல்ற வீடியோக்களை நம்பி வீட்டுக்குள்ள எரிக்காதீங்க. குரோம் தோலை எரிச்சா வர்ற புகையும் சாம்பலும் உடம்புக்கு ஆகாது.

இப்ப தையல். முதல் பொருளா கார்டு வைக்கிற சின்ன உறை செய்யுங்க. ஒன்றரை மில்லிமீட்டருக்குள்ள தடிமன் போதும். ஓரத்துல இருந்து 3 மில்லிமீட்டர் உள்ள ஒரு கோடு போட்டு, முள்கரண்டி மாதிரி இருக்கற இரும்பை வச்சு சீரா ஓட்டை போடுங்க. தைக்கிற நீளத்தைப் போல நாலு மடங்கு மெழுகு நூல், அதோட ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு ஊசி. ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு ஊசியும் எதிரெதிரா நுழையும். இதுதான் சேடில் ஸ்டிச்.

மெஷின் தையல்ல மேல் நூலும் அடி நூலும் நடுவுல கொக்கி போட்டுக்கும். ஒண்ணு அறுந்தா பக்கத்துத் தையலும் தளரும். சேடில் ஸ்டிச்ல ஒரு பக்கம் தேஞ்சு அறுந்தாலும் அந்த நூலோட இன்னொரு பாதி பிடிச்சு நிக்கும். எங்க பாஷையில சொன்னா, ஒரு சர்வர் விழுந்தா இன்னொண்ணு தாங்கும். கவனிக்க வேண்டியது ரெண்டே விஷயம்: எப்பவும் ஒரே பக்கத்து ஊசியை முதல்ல விடுங்க, ரெண்டாவது ஊசி முதல் நூலைக் குத்திடாம பாத்துக்கோங்க. வரிசை மாறினா தையல் சாய்வும் மாறும். முடிவுல ரெண்டு மூணு ஓட்டை திரும்பி வந்து தைச்சு, பாலியெஸ்டர் நூலா இருந்தா முனையை லைட்டர்ல லேசா உருக்கி அமுக்குங்க.

இதை எழுதி வச்சுப் படிக்கிறதை விட, பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிற அண்ணன் ஒருத்தர் கையைப் பாத்தா சீக்கிரம் புரியும். அவர் கையில இருக்கறது கொக்கி வச்ச குத்தூசி. அடியில இருக்கற நூலை வளையமா மேல இழுத்து, இன்னொரு முனையை அதுக்குள்ள விட்டு இறுக்குவார். அமைப்பு மெஷின் தையல் மாதிரிதான், ஆனா மெழுகு நூலை அவர் இழுக்கற இழுப்பு வேற. ஒரே அளவு அழுத்தம், அளவுகோலே இல்லாம ஒரே இடைவெளி. நாம 'லெதர் கிராஃப்ட்'னு சொல்லி இன்ஸ்டாகிராம்ல போட்டா லைக் விழுது. அதே வேலையை அவர் குடும்பம் தலைமுறையா செஞ்சதுக்குக் கிடைச்சது சாதிப் பேர்ல வசவு. இங்க அருந்ததியர் மக்கள் பலர் இந்தத் தொழிலை விட்டு வெளிய வரப் போராடினது அதனாலதான். அந்தத் தொழிலை நான் பொழுதுபோக்கா எடுக்க முடியறதே எனக்கு இருக்கற வசதி. அவர்கிட்ட கத்துக்கணும்னா, வேலை நேரத்துல வேடிக்கை பாத்துட்டு வராதீங்க. ட்யூஷன் மாதிரி மணிக்கணக்குல பேசி, கேட்ட காசைக் குடுங்க.

கடைசியா ஓரம். பொருள் கைவேலையா கடைவேலையான்னு காட்டிக் குடுக்கறது இதுதான். ரெண்டு அடுக்கும் சமமாகற வரைக்கும் 220 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 400, அப்புறம் 600. கூர்மையான விளிம்பைச் சீவி விடுங்க. லேசா ஈரமாக்கி, வழவழப்பான மரக்கட்டையாலயோ கெட்டித் துணியாலயோ வேகமா தேயுங்க. ஈரமும் சூடும் சேர்ந்து நார்கள் அமுங்கி ஒட்டிக்கும், கண்ணாடி மாதிரி ஆகும். குரோம் தோல்ல இது நடக்காது. அந்த நார் திரும்ப எழும்பிக்கும். அதுக்கு ஓரப் பெயிண்டுதான் வழி. மேல தேன்மெழுகு தடவி இன்னொரு தடவை தேச்சா வேலை முடிஞ்சது.

ஒண்ணு மட்டும்: ஈரமா இருக்கும்போது அந்தத் தோல் மேல இரும்புக் கத்தரிக்கோலை வைக்காதீங்க. டானினும் இரும்பும் சேர்ந்தா கருநீலக் கறை, அது லேசுல போகாது.