பெரிய குற்றி அரிய எந்தச் சங்கிலி வாள்?

நெடுங்காலம் விட்டுப்போன காணிக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு முதலில் எதிர்ப்படுவது பற்றையும் விழுந்து கிடக்கும் மரங்களும்தான். கூலிக்கு அரிவித்தால் செலவு, விட்டுவைத்தால் கறையான். ஆகவே நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கிலி வாள் வாங்கலாமா என்று எம்மிடம் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் கையிலுள்ள காசை எதற்குக் கொடுப்பது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள்.

நாமும் விட்டோம். மலிவாகக் கிடைத்தது என்று, சிறிய எஞ்சினில் 24 அங்குல பார் பூட்டிய மெசின் ஒன்றை வாங்கினோம். வேப்பங்குற்றியில் வைத்ததும் சங்கிலி பாதி வழியில் நின்றுவிட்டது. பெரிய குற்றிக்கு வேண்டியது நீளமல்ல, இழுக்கும் பலம். 50 முதல் 60 சீசீ எஞ்சினுக்கு 18 அல்லது 20 அங்குல பார் பொருந்தும். 20 அங்குல பாரினால் 3 அடி விட்டமுள்ள குற்றியையும் இரு பக்கமும் மாறி நின்று அறுத்து முடிக்கலாம்.

புதியது வாங்க வசதியில்லாவிட்டால் பாவித்ததை வாங்கலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். கயிற்றை மெதுவாக இழுக்கும்போது கை நன்றாகத் தடைபட வேண்டும். புகைபோக்கியைக் கழற்றி உள்ளே ரோர்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனில் நெடுக்குக் கீறல்கள் இருந்தால் என்ன விலைக்கும் வேண்டாம். முன் கைகாப்பைத் தள்ளியதும் ஓடும் சங்கிலி அந்தக் கணமே நிற்க வேண்டும். பாரின் நுனியின் மேற்பாகம் மரத்தில் முட்டினால் வாள் முகத்தை நோக்கித் துள்ளும். அப்போது ஆளைக் காப்பது அந்தத் தடுப்புத்தான். உதிரிப்பாகம் பக்கத்து நகரத்தில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

காசு முழுவதையும் மெசினுக்கே கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மேலதிகச் சங்கிலி, அதற்கு அளவான உருண்டை அரம், கண்ணாடி, சப்பாத்து என்பவற்றுக்கும் ஒதுக்க வேண்டும். பனையின் வெளிவைரம் சங்கிலியை விரைவில் மொட்டையாக்கும். தூளுக்குப் பதிலாக மா போலப் பறந்தால் அரம் போடும் நேரம் வந்துவிட்டது. பெற்றோலில் கலக்கும் ரூ ஸ்ரோக் ஒயிலின் அளவு மெசினின் புத்தகத்தில் இருக்கும்; 50க்கு 1 என்றிருந்தால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர்.

எமது பகுதிகளுக்கென்றே ஒரு கவலை உண்டு. சண்டை நடந்த இடத்து மரங்களுக்குள் ஷெல் துண்டுகள் புதைந்திருக்கின்றன. ஒரே உரசலில் சங்கிலியின் பற்கள் போய்விடும். மரக்காலைக்காரர் அத்தகைய குற்றியை எடுக்கத் தயங்குவதும் இதனால்தான். பட்டையில் காயம் மூடிய வீக்கமோ, வெட்டுமுகத்தில் கருநீலக் கறையோ கண்டால் அவ்விடத்தைக் கோடரியால் கொத்திப் பாருங்கள். ஷெல் எங்கே விழுந்தது என்று அயலவரிடமும் கேளுங்கள். மிதிவெடி அகற்றப்படாத காணியில் மரத்துக்குக் கிட்டவே போக வேண்டாம்.

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். வாளுக்கும் பதிவு உண்டு. பாவித்த வாள் வாங்குவோர், பழைய சொந்தக்காரரின் பதிவுத் துண்டைக் கையில் வாங்கிய பின்பே காசைக் கொடுங்கள்.