ஒரு வரித் திருத்தமும் அதற்குப் பின்னால் ஒரு கேள்வியும்

2021ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? தேக்கா நிலையத்தில் காய்கறி வாங்கப் போனாலும் முஸ்தபாவுக்குள் நுழைந்தாலும் வாசலில் 'டிரேஸ்டுகெதர்' செயலியையோ கருவியையோ காட்ட வேண்டியிருந்தது. உங்களில் பலர் அப்போது தொடக்கப்பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தச் செயலி கைப்பேசிக்குள் என்ன செய்கிறது என்று யோசித்திருக்க மாட்டீர்கள். ஆனால் அதன் அடிப்படை நிரல் அதற்கு ஓராண்டுக்கு முன்பே எல்லாருடைய பார்வைக்கும் வைக்கப்பட்டிருந்தது.

டிரேஸ்டுகெதர் 2020 மார்ச் 20ஆம் தேதி அறிமுகமானது. அடுத்த மூன்று வாரங்களுக்குள், ஏப்ரல் 9ஆம் தேதி, அதை உருவாக்கிய அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான 'கவ்டெக்', அதன் அடிப்படை நிரலை 'ஓப்பன்டிரேஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. உரிமம், ஜிபிஎல் பதிப்பு 3. யார் வேண்டுமானாலும் நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம். மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் நிரலையும் அதே நிபந்தனைகளுடன் திறந்து கொடுக்க வேண்டும். இத்தகைய உரிமங்களுடன் வருபவற்றைத்தான் திறந்த மூல மென்பொருள் என்கிறோம்.

திறந்து வைத்ததால் என்ன நடந்தது? இந்த நிரலை அடிப்படையாகக் கொண்டு ஆஸ்திரேலியா ஏப்ரல் 26ஆம் தேதி 'கொவிட்சேஃப்' செயலியை வெளியிட்டது. இந்த முறையில் கைப்பேசிகள் புளூடூத் வழியாகத் தற்காலிக அடையாள எண்களைப் பரிமாறிக்கொள்ளும். ஒருவரை யாரும் பின்தொடர முடியாதபடி அந்த எண் ஏறத்தாழ 15 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறும். ஆனால் புளூடூத்தைப் பயன்படுத்திய விதத்தில் ஒரு குறை இருந்தது. எண் மாறினாலும் அதே கைப்பேசியை நீண்ட நாள் கழித்தும் அடையாளம் காண அது வழிவிட்டது. ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அதே நிரலிலிருந்து வளர்ந்தது என்பதால் நம் டிரேஸ்டுகெதரும் பாதிக்கப்பட்டது. அவர்கள் அதை உடனே ஊருக்கெல்லாம் சொல்லவில்லை. செயலியை உருவாக்கியவர்களுக்குத் தனியாகத் தெரிவித்து, திருத்துவதற்கு அவகாசம் கொடுத்த பிறகே விவரங்களை வெளியிட்டார்கள். பாதுகாப்புக் குறைகளுக்கு இதுதான் முறை.

(திறந்த நிரல் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். குற்றவியல் விசாரணைக்குக் காவல்துறை இந்தத் தரவைக் கேட்டுப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வரம்பு வகுத்தது. நிரலை வரிவரியாகப் படித்தாலும் அதில் சட்டம் இருக்காது.)

சரி, பாதுகாப்புக் குறை போன்ற பெரிய விஷயத்தை விடுங்கள். சாதாரணப் பிழை ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் அதை எப்படித் திருத்திக் கொடுப்பது?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். வெப்பநிலை அளவுகளைப் பதிவுசெய்து சராசரி காட்டும் திறந்த மூலச் செயலி ஒன்று இருக்கிறது. நண்பகலில் சிராங்கூன் சாலையில் இரண்டு இடங்களில் அளக்கிறீர்கள். ஒன்று 31 பாகை, மற்றொன்று 32. சராசரி 31.5 வர வேண்டும். செயலியோ 31 என்கிறது.

முதல் வேலை நிரலைத் தொடுவதன்று, பிழையைப் பதிவுசெய்வது. என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எந்தக் கைப்பேசி, செயலியின் எந்தப் பதிப்பு ஆகியவற்றை எழுத வேண்டும். 'சராசரி வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. ஆய்வுக்கூட அறிக்கையில் நாங்கள் உங்களிடம் கேட்பதும் இதைத்தானே! வேறொருவர் அதே படிகளைச் செய்து அதே முடிவைப் பார்க்க முடிய வேண்டும்.

பிறகு நிரலைப் பார்க்கிறீர்கள். மொத்தத்தை எண்ணிக்கையால் வகுக்கும் ஒரு வரி. மொத்தம் 63, எண்ணிக்கை 2. ஜாவா போன்ற மொழிகளில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான். புள்ளிக்குப் பின் வருவது வெட்டப்படும். ஆக, வகுக்கும் முன் மொத்தத்தைத் தசம எண்ணாக மாற்ற வேண்டும். வகுத்த பின் மாற்றினால் 31.0 என்றுதான் வரும், ஏனென்றால் அந்தப் பாதி ஏற்கெனவே போய்விட்டது.

இந்தத் திருத்தத்தை மூல நிரலில் நேரடியாகச் செய்ய உங்களுக்கு அனுமதி இருக்காது. இங்கேதான் 'கிட்' வருகிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கருவி இது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று ஒவ்வொரு மாற்றத்தையும் இது நினைவில் வைத்திருக்கும். 'கிட்ஹப்' போன்ற தளத்தில் திட்டத்தின் நிரலை முழுவதுமாக உங்கள் கணக்கிற்கு நகலெடுக்கிறீர்கள். அந்த நகலில் இந்த ஒரு பிழைக்கென்று தனியாக ஒரு கிளை தொடங்குகிறீர்கள். மாற்றுகிறீர்கள், செயலியை ஓட்டிப் பார்க்கிறீர்கள், 31.5 வருகிறது. என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு குறிப்புடன் பதிவுசெய்கிறீர்கள். பிறகு, 'இதை உங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று விண்ணப்பிக்கிறீர்கள். அதற்குப் பெயர் 'புல் ரிக்வெஸ்ட்'. பழைய வரி சிவப்பிலும் புதிய வரி பச்சையிலும் அருகருகே தெரியும்.

கதை இங்கே முடிந்துவிடும் என்று நினைப்பவர்களே அதிகம். என் கணிப்பில் சுவையான பகுதியே இனிமேல்தான்.

திட்டத்தைப் பராமரிப்பவர் உங்கள் வரியைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்: "இன்னும் ஓர் அளவுகூடப் பதிவாகவில்லை என்றால் என்ன ஆகும்?" முன்பு அந்த நிலையில் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்து செயலி நின்றுபோயிருக்கும். உங்கள் திருத்தத்திற்குப் பிறகு நிற்காது. ஆனால் தசம எண்களில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால், 'இது எண் அல்ல' என்பதற்கான குறி கிடைக்கும். திரையில் 'என்ஏஎன்' என்று ஏதோ தெரியும். ஒரு பிழையைத் திருத்தும்போது இன்னொன்றின் முகம் மாறிவிட்டது. எனவே, அளவுகள் இல்லாவிட்டால் 'பதிவு இல்லை' என்று காட்டும் ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறீர்கள். 31, 32 கொடுத்தால் 31.5 வருகிறதா, எதுவும் கொடுக்காவிட்டால் என்ன வருகிறது என்று தானாகச் சரிபார்க்கும் சோதனை நிரலையும் சேர்க்கிறீர்கள். அடுத்த ஆண்டு வேறு யாராவது அந்த வரியைக் கெடுத்தால் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும்.

பராமரிப்பவருக்கு உங்களைத் தெரியாது. உங்களுக்கு 14 வயதா 40 வயதா என்பதும் தெரியாது. அவர் முன்னால் இருப்பது நீங்கள் காட்டும் ஆதாரம் மட்டுமே. அதனால்தான் மாற்றம் சிறியதாக இருக்க வேண்டும். போகிற போக்கில் கோப்பு முழுவதையும் அழகுபடுத்திவிட்டால், 400 பச்சை வரிகளுக்கு நடுவே உங்கள் ஒரு வரியை அவர் தேட வேண்டியிருக்கும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை அப்படியே அனுப்புவதும் சிக்கல்தான். பூஜ்யத்தைப் பற்றிக் கேட்டால் யார் பதில் சொல்வது?

பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். பலர் வேலை நேரம் போக மீதி நேரத்தில் இதைச் செய்பவர்கள். மறுக்கவும் செய்யலாம், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? அறிவியல் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது 'பிஎஸ்லேப்'. 2009இல் தொடங்கப்பட்ட 'ஃபாஸ் ஆசியா' அமைப்பின் திட்டம் இது. அந்த அமைப்பு 2016, 2017ஆம் ஆண்டுகளில் தன் மாநாட்டை ஜூரோங் ஈஸ்ட்டிலுள்ள நம் அறிவியல் நிலையத்தில் நடத்தியது. பிஎஸ்லேப் ஒரு சிறிய மின்சுற்றுப் பலகை. கைப்பேசியோடு இணைத்தால் மின்னழுத்தத்தை அளக்கும், அலைகளை வரைந்து காட்டும். பலகை இல்லாவிட்டாலும், கைப்பேசியில் இருக்கும் உணரியைக் கொண்டே வெளிச்சத்தை அளக்கலாம். தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் சாலையில் முயன்று பாருங்கள். பயன்படுத்தினால்தான் பிழை கண்ணில் படும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. செயலித் திரையில் தோன்றும் சொற்கள் பெரும்பாலும் தனிக் கோப்பில் இருக்கும். மொழிபெயர்ப்பும் இதே புல் ரிக்வெஸ்ட் வழியாகப் போகலாம். 'கரண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை இயந்திரம் 'தற்போதைய' என்று எழுதிவிட வாய்ப்புண்டு. அது 'மின்னோட்டம்' என்பது இயற்பியலும் தமிழும் படித்த உங்களுக்குத்தான் சட்டென்று தெரியும்.

திட்டத்தின் முகப்பில் இருக்கும் 'ரீட்மி' கோப்பையும் பங்களிப்பு விதிகளையும் முதலில் படியுங்கள். புதியவர்களுக்கு ஏற்ற பிழைகளைப் பல திட்டங்கள் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று குறித்து வைக்கின்றன. கிட்ஹப்பில் கணக்கு தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். பெற்றோரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நீங்கள் பதிவுசெய்யும் ஒவ்வொரு மாற்றத்துடனும் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி சேர்ந்துவிடும். அதை மறைக்கும் வசதி கணக்கின் அமைப்புகளில் இருக்கிறது. முதல் மாற்றத்தை அனுப்பும் முன்பே அதை இயக்கி, கிட்ஹப் தரும் மாற்று முகவரியை உங்கள் கணினியிலுள்ள கிட்டிலும் பதிந்துவிடுங்கள். பல நகல்களுக்குப் பரவிவிட்ட முகவரியைப் பிறகு அழிப்பது எளிதன்று.