வாகனத்தை உயர்த்துவதா, பாதையைச் சீராக்குவதா?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையிலான தேசிய நெடுஞ்சாலையில் இன்று எஸ்யூவி எனப்படும் உயரமான கார்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் சில, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்ததைவிட ஓரிரு அங்குலம் கூடுதல் உயரத்தில் ஓடுகின்றன. நீளமான ஸ்பிரிங்குகளைப் பொருத்தியோ, அவற்றின் மேல் 'ஸ்பேசர்' எனப்படும் வளையத்தைச் செருகியோ, பெரிய டயர்களை மாட்டியோ இந்த உயரம் பெறப்படுகிறது. தோற்றப் பொலிவுக்காகச் செய்வோர் ஒருபுறம் இருக்கட்டும். உண்மையான தேவை கருதிச் செய்வோரும் உண்டு என்பதால், இதன் நன்மை தீமைகளை நிதானமாக ஆராய்வது அவசியமாகிறது.

என்னிடம் பொருளாதாரம் பயின்ற ஒருவருக்கு வீடு ராஜபாளையத்தில், பணி ஸ்ரீவில்லிபுத்தூரில், மாந்தோப்பு மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தோப்புப் பாதையில் மாட்டு வண்டித் தடமும் டிராக்டர் தடமும் ஆழமாகப் பதிந்துவிடும். அப்போது அவருடைய காரின் அடிப்பாகம் நடுமேட்டில் உரசுகிறது. "ஐயா, சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் உயர்த்திவிடலாமா?" என்று அண்மையில் கேட்டார். பயன் என்ன, செலவு என்ன, அந்தச் செலவை யார் சுமக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டபின் முடிவெடுக்கலாம் என்றேன்.

முதலில் பயன். காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி கூடும்போது, மேட்டின் உச்சியை நடுப்பகுதி தட்டாமல் தாண்டும் கோணமும் கூடுகிறது. முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,600 மி.மீ. தொலைவும், 180 மி.மீ. தரை இடைவெளியும் உள்ள ஒரு வாகனத்துக்கு இக்கோணம் ஏறத்தாழ 16 பாகை. இரண்டு அங்குலம், அதாவது சுமார் 50 மி.மீ. உயர்த்தினால் அது 20 பாகையாகிறது. கரடுமுரடான பாதையில் இது கண்கூடான வேறுபாடு. ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறியபின் வண்டி சில சென்டிமீட்டர் தாழ்வதால், நிறைசுமையுடன் செல்வோர் இந்தப் பயனைக் கூடுதலாகவே உணர்வர். முன்னால் உள்ள சாலையும் சற்று அதிகத் தொலைவு தெரியும்.

ஆனால், இந்தப் பயனுக்கும் வரம்பு உண்டு. பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே உறுதியான அச்சு இணைக்கும் வாகனங்களில், ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடற்பகுதி மட்டுமே உயரும். அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி. அதிலும் டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் கிடைப்பது ஓரங்குல உயரமே. அதற்கு ஈடாக எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் வேலை கூடும். வேகமானியோ உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும்.

அடுத்து செலவு. பணிமனையில் கொடுக்கும் தொகை இதில் சிறு பகுதிதான். வாகனம் கவிழாமல் நிற்கும் திறனை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். அகலம் 1,500 மி.மீ., ஈர்ப்பு மையம் 700 மி.மீ. எனில் விடை 1.07. ஈர்ப்பு மையம் 50 மி.மீ. மேலேறினால் அது 1.00 ஆகக் குறைகிறது. சாதாரணக் கார்களுக்கு இந்த எண் 1.3க்கு மேல் இருப்பது வழக்கம். எஸ்யூவிகள் இயல்பிலேயே குறைந்த இருப்புடன் பிறந்தவை. நாம் அதிலும் கொஞ்சம் எடுத்துவிடுகிறோம். நெடுஞ்சாலையில் திடீரென ஆடு குறுக்கிட, ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடிக்கும் அந்தக் கணத்தில்தான் இந்த வேறுபாடு தெரியவரும். வாகனம் சறுக்காமல் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் தொழிற்சாலை நிர்ணயித்த உயரத்துக்கே அளந்து அமைக்கப்பட்டது.

இவை தவிர, சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டுகள் கூடுதல் கோணத்தில் சுழல்வதால் அவற்றின் ரப்பர் உறைகள் விரைவில் கிழியக்கூடும். வீல் அலைன்மென்ட் மாறி டயர்கள் ஒருபக்கமாகத் தேயும். காற்றுத் தடை கூடுவதால் எரிபொருள் செலவும் ஏறும். முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கு, ஏற்கெனவே உயரமான படி மேலும் இரண்டு அங்குலம் உயர்ந்துவிடும்.

என் மாணவரின் வாரத்தைக் கணக்கிட்டோம். ஆறு நாள்கள், நாளொன்றுக்குப் போகவர 24 கி.மீ. வீதம் தார்ச்சாலையில் 144 கி.மீ.; தோப்புப் பாதையில் இரண்டு நாள்கள், ஆறு கி.மீ. வீதம் 12 கி.மீ. ஆக, பயன் கிடைப்பது நூற்றில் எட்டு கிலோமீட்டரில். செலவு விழுவது நூறு கிலோமீட்டரிலும். தினசரிப் பயன்பாட்டு வாகனத்தை உயர்த்த நினைக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது கேள்வி, செலவை யார் சுமக்கிறார்கள் என்பது. ஹெட்லைட்டைத் திருத்தி அமைக்காவிட்டால், உயர்ந்த வண்டியின் ஒளி எதிரே இருசக்கர வாகனத்தில் வருபவரின் கண்ணில் நேராக விழும். பம்பர் மேலேறுவதால், மோதலின்போது சிறிய காரின் வலுவான பகுதியில் படாமல் அதற்கு மேலே இடிக்கும். பானெட்டுக்கு முன்னால் நிற்கும் குழந்தை ஓட்டுநரின் பார்வையில் படாத தூரமும் நீள்கிறது. பொருளாதாரத்தில் இதைப் புறவிளைவு என்போம்: முடிவு ஒருவருடையது, விளைவு மற்றவருடையது.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மிஷெல் வைட் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய வாகனங்களில் செல்வோர் தவிர்த்துக்கொள்ளும் ஒவ்வோர் உயிரிழப்பு விபத்துக்கும் ஈடாகப் பிறருக்கு நான்குக்கும் மேற்பட்ட உயிரிழப்பு விபத்துகள் நேர்வதாகக் கணக்கிட்டார். அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, முகப்பு ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வாகனங்கள், தாழ்ந்து சரிந்த முகப்புடையவற்றைவிடப் பாதசாரிகளைக் கொல்லும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் என்றது. இவை இரண்டு அங்குல மாற்றத்தை நேரடியாக அளந்தவை அல்ல. எனினும், உயரத்தின் விலையைச் சாலையில் செல்லும் மற்றவர்களும் கொடுக்கிறார்கள் என்பதைக் காட்டுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் முன்வரிசையில் நிற்பவர் எக்கி நின்றால் அவருக்குத் தேர் நன்றாகத் தெரியும். பின்னால் இருப்பவர்களும் எக்க வேண்டிவரும். இறுதியில் எல்லோருக்கும் கால் வலிக்கும், காட்சி முன்போலவே இருக்கும்.

சட்டமும் இதை வெறும் தனிமனித விருப்பமாகக் கருதவில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தப்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால், விபத்துக்குப்பின் இழப்பீடு கோரும்போது அதுவே வழக்காகலாம்.

அப்படியானால் வண்டியின் அடி ஏன் தட்டுகிறது? ஜிஎஸ்டி மன்றம் 2023 ஜூலையில் எஸ்யூவி போன்ற வாகனங்களுக்கு வகுத்த இலக்கணத்தில், சுமையற்ற நிலையில் குறைந்தது 170 மி.மீ. தரை இடைவெளி என்பதும் ஒன்று. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்துள்ள வேகத்தடையின் அளவோ 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம். விதிப்படி அமைந்த வேகத்தடையை விதிப்படி அமைந்த எந்த எஸ்யூவியும் உரசாமல் கடக்கும். உரசுகிறதென்றால், தெருவோரம் யாரோ இரவோடிரவாகச் சிமென்ட் குழைத்து எழுப்பிய கூரிய மேடே காரணமாக இருக்கும். அந்த மேட்டைத் தாண்டக் காரை உயர்த்துபவர் தம் சிக்கலை மட்டும் தீர்த்துக்கொள்கிறார். ஆட்டோவும் ஆம்புலன்சும் கர்ப்பிணியை ஏற்றிச் செல்லும் இருசக்கர வாகனமும் தொடர்ந்து அடிபடுகின்றன. புகார் கொடுக்கும் வசதியும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு மேடு உறைக்காமல் போனால், அது அங்கேயே நிலைத்துவிடும்.

உயர்த்துவது எல்லா நிலையிலும் தவறு என்று நான் கூறவில்லை. நாள்தோறும் மோசமான பாதையிலேயே உழைக்க வேண்டிய வாகனத்துக்கு அது நியாயமான தேவை. அத்தகையோர் தேவைக்கேற்ற உயரமுள்ள வாகனத்தை முதலிலேயே தேர்ந்து வாங்குவது நல்லது. ஏற்கெனவே உள்ள வண்டியை மாற்றியே ஆகவேண்டும் என்றால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் விசாரிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மலிவான வளையங்களைத் தவிர்த்து, ஒன்றுக்கொன்று பொருந்தும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போட்டு, அலைன்மென்ட்டையும் ஹெட்லைட்டையும் அன்றே சரிசெய்ய வேண்டும்.

என் மாணவருக்கு வேறொரு யோசனையும் சொன்னேன். அவர் பாதையை ஒட்டி மேலும் பலருடைய தோப்புகள் இருக்கின்றன. காய் ஏற்றிவரும் மினி லாரிகளும் கூலிக்கு வருவோரின் சைக்கிள்களும் அதே பள்ளத்தில்தான் தடுமாறுகின்றன. உயர்த்துவதற்கு ஆகும் தொகையை அவர் முதல் பங்காக வைத்து, மற்றவர்களிடமும் கேட்டுச் சில லோடு சரளை கொட்டலாம். 'எவராவது செய்யட்டும், நாமும் போகலாம்' என்று ஒதுங்குவோர் இருப்பார்கள். பொதுப் பொருள் எதற்கும் உள்ள சிக்கல்தான் இது. அதற்காக ஊராட்சியை அணுகவும் வழி இருக்கிறது. மழை தொடங்குமுன் தோப்புக்காரர்களை ஒருமுறை கூட்டிப் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.