பருவம் பாராத செண்டுடுக்

ஆண்டின் தொடக்க மாதங்களில் வறட்சி தலைகாட்டியதும் நம் பால்மரங்கள் இலையுதிர்த்து நிற்கின்றன. மீண்டும் தளிர்த்து இலை முற்றும் வரை பால் குறைகிறது, வருமானமும் குறைகிறது. அமேசான் காட்டிலிருந்து வந்த அம்மரம் தன் பிறந்தகத்துப் பழக்கத்தை இன்னும் விடவில்லை போலும்! அதே நாட்களில், காட்டோரத்திலும் பாதையோரத்திலும் செண்டுடுக் செடி ஊதாப் பூக்களுடன் செழித்து நிற்பதை நாம் காணலாம்.

செண்டுடுக் இம்மண்ணுக்கே உரிய புதர்ச்செடி. மலையாளக் கரையிலும் வளர்வது. குளிர்காலமில்லாத நம் நாட்டில் இது ஆண்டு முழுவதும் பூக்கிறது. ஆகவே, இதன் மாறுதல்களை மாதக் கணக்கில் தேடுவதைவிட நாள் கணக்கில் பார்ப்பதே பொருந்தும். ஒரு பூவின் வாழ்வு ஒரே நாள்தான். அதில் தேன் இல்லை. இருவகை மகரந்தக் காம்புகள் உள்ளன: மஞ்சள் நிறமானவை குட்டையாய் வண்டின் கண்ணைக் கவரும், ஊதா நிறமானவை நீண்டு வளைந்திருக்கும். மரந்துளைக்கும் கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரிக்க, அந்த அதிர்வில் மகரந்தம் தெறித்து அதன் உடலில் படிகிறது.

இதழ்கள் உதிர்ந்தபின் அடிக்கிண்ணம் பருத்துக் காயாகிறது. முற்றியதும் அது தாறுமாறாக வெடித்து, கருநீலச் சதையைக் காட்டும். பறவைகள் அதைத் தின்று நுண்ணிய விதைகளைப் பரப்புகின்றன. தின்ற சிறுவர்களின் நாக்கும் கறுத்துவிடும். கிரேக்க மொழியில் ‘கரிய வாய்’ எனப் பொருள்படும் ‘மெலஸ்தோமா’ என்ற பெயரைத் தாவர நூலார் இதற்குச் சூட்டியது இதனால்தான்.

புளிப்பு மிகுந்த மண்ணில் மற்றப் பயிர்களின் வேரைக் கெடுக்கும் அலுமினியத்தை, இது தன் இலைகளிலேயே சேர்த்துவைத்து வாழ்கிறது. வெட்டவெளியாய்க் கிடக்கும் நிலத்தில் முதலில் தலைதூக்கும் செடிகளுள் இதுவும் ஒன்றாயிருப்பதில் வியப்பில்லை. செம்பனைக் கன்றுகளின் காலடியில் இது களையே, அகற்றத்தான் வேண்டும். ஆனால் சரிவுகளிலும் ஓடைக் கரைகளிலும் மண்ணைப் பற்றி நிற்கும் செடியையும் சேர்த்து அழிப்பது நமக்குச் சரியாகப் படவில்லை.

மருந்தடிக்கும் இடங்களில் வேறொரு கவலையும் உண்டு. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. எனினும், புழக்கத்திலுள்ள மற்றக் களைக்கொல்லிகளும் நஞ்சே. மருந்து பட்ட செடி உடனே வாடிவிடுவதில்லை. அதன் பழம் முன்போலவே சிறுவர்களை அழைக்கும். எனவே, எந்த நிரையில் மருந்தடிக்கப்பட்டது என்பதை, வேலை முடிந்து திரும்பும் பெற்றோர் அன்றே பிள்ளைகளிடம் சொல்லி, அப்பக்கம் போகாமல் தடுத்தல் வேண்டும்.