"நீ போ மச்சி"ன்னு சொன்னா என்ன அர்த்தம்?

ரெண்டு நாளா ரூம்மேட் சரியா பேசல. மெஸ்ஸுக்குக் கூப்பிட்டா, "நீ போ மச்சி"ங்கிறான். கோபமா, பொறாமையா? உங்க மனசு உடனே கணக்குப் போட ஆரம்பிச்சுடும். அடுத்தவர் மனசு நமக்கு எப்படிப் புரியுது என்பது தத்துவத்தில் பழைய கேள்வி. அதுக்கு மூணு பதில்களைப் பார்ப்போம்.

முதல் பதில்: நாம எல்லாரும் குட்டி விஞ்ஞானிகள். மனுஷங்க எப்படி நடந்துக்குவாங்கன்னு மனசுக்குள்ள ஒரு கோட்பாடு வெச்சிருக்கோம். 1985-ல் வெளியான சாலி–ஆன் சோதனையைப் பாருங்க. சாலி ஒரு கோலிக்குண்டைக் கூடையில் வெச்சுட்டு வெளியே போறா. ஆன் அதைப் பெட்டிக்கு மாத்திடுறா. திரும்பி வர்ற சாலி எங்கே தேடுவா? இந்த மாதிரி சோதனைகளில் மூணு வயசுக் குழந்தைகள் பெரும்பாலும் "பெட்டி"ன்னுதான் சொல்றாங்க. நாலஞ்சு வயசுல "கூடை"ன்னு சரியா சொல்றாங்க. தனக்குத் தெரிஞ்சது சாலிக்குத் தெரியாதுன்னு அப்போ புரியுது.

ரெண்டாவது பதில், 1986-ல் ராபர்ட் கார்டன் சொன்னது: கோட்பாடெல்லாம் தேவையில்லை, அவங்க இடத்துல நம்மளை வெச்சுப் பார்க்கிறோம், அவ்வளவுதான். இதுல ஒரு சிக்கல் இருக்கு. கோபம் வந்தா பேசாம இருக்கிற ஆளு நீங்கன்னா, அவனும் கோபமாத்தான் இருக்கான்னு முடிவு கட்டிடுவீங்க.

மூணாவது பதில் மார்ட்டின் பூபருடையது. 1923-ல் வந்த தன் நூலில் அவர் உறவுகளை இரண்டாகப் பிரிக்கிறார்: 'நான்–அது', 'நான்–நீ'. ஒருத்தரை அளந்து, கணிச்சு, வகைப்படுத்தும்போது அவர் நமக்கு 'அது'. நேருக்கு நேர் முழு மனசோட பேசும்போதுதான் அவர் 'நீ'. 'அது' இல்லாம வாழ முடியாதுன்னு பூபரும் ஒத்துக்கிறார். ஆனா அது மட்டுமே போதாது என்கிறார்.

முதல்ல சொன்ன ரூம்மேட் கதை என்னுடையதுதான். அவனுக்குத் திமிருன்னு நாங்க நாலு பேர் கூடிப் பேசி முடிவே பண்ணிட்டோம். மெஸ் பில் கட்ட அவன்கிட்ட காசு இல்லைன்னு செமஸ்டர் முடியுறப்பதான் தெரிஞ்சது. 'அவன்' பற்றி அவ்வளவு பேசினோம், "என்னடா ஆச்சு?"ன்னு அவன்கிட்ட ஒரு தடவைகூடக் கேட்கல.

உங்க ரூம்லயும் யாராவது "நீ போ"ன்னு சொன்னா, கணக்குப் போடுறதைக் கொஞ்சம் நிறுத்துங்க. பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னா, உடனே எழுந்து போயிடாதீங்க.