கைதவறினாலும் தாங்கும் போர்டு

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போனால் தானாக நின்றுவிடும் தண்ணீர் மோட்டார், மண் ஈரமானி, கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் குட்டி ரோபோ என்று மேசைக்கு மேசை ஏதாவது இருக்கும். அவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது ஒரே பலகைதான்: ஆர்டுயினோ ஊனோ அல்லது அதன் நகல். நீளம் 68.6 மில்லிமீட்டர், அகலம் 53.4 மில்லிமீட்டர், எடை 25 கிராம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

இந்தப் போர்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதில் நீளமாகக் கிடக்கும் கறுப்புச் சிப்பைப் பற்றியே பேசுவார்கள். நாம் எழுதும் நிரல் ஓடுவது அதில்தான் என்பதால் அதில் தப்பில்லை. ஆனால் அதே சிப்பைத் தனியாக வாங்கினால் போர்டின் விலையில் சிறு பங்குதான் ஆகும். மிச்சப் பணத்தில் ஒரு பகுதி சுற்றியிருக்கும் பொடிப்பொடிப் பாகங்களுக்குப் போகிறது. அவற்றில் பலவற்றுக்கு ஒரே வேலைதான்: பழகுகிறவர் செய்யும் தப்பிலிருந்து சிப்பைக் காப்பாற்றுவது. என்னைக் கேட்டால், ஆர்டுயினோ உலகம் முழுக்கப் பரவியதற்குச் சிப்பைவிட இந்தப் பொடிசுகளே காரணம்.

ஆர்டுயினோ பிறந்த இடம் அப்படி. வட இத்தாலியில், ஒலிவெட்டி தட்டச்சு இயந்திரங்களால் பேர்பெற்ற இவ்ரேயா நகரத்தில் ஒரு வடிவமைப்புக் கல்வி நிறுவனம் இருந்தது. அங்கே படித்தவர்கள் மின்னணுப் பொறியாளர்கள் அல்லர், வடிவமைப்பாளர்கள், கலைஞர்கள். அங்கு மாணவராக இருந்த எர்னாண்டோ பாரகான் 2003-இல் முதுகலை ஆய்வுக்காக ‘வயரிங்’ என்ற எளிய போர்டை உருவாக்கினார். அந்த வழியில் மாசிமோ பான்சி, டேவிட் குவார்டியேயெஸ் உள்ளிட்ட குழுவினர் 2005-இல் ஆர்டுயினோவைக் கொண்டுவந்தார்கள். கல்லூரியே மூடப்படும் நிலையில் இருந்ததால், உழைப்பு வீணாகக் கூடாது என்று வரைபடங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நாம் இன்று அதிகம் பார்க்கும் ஊனோ வந்தது 2010-இல்.

முதலில் அந்தச் சிப்பையே பார்த்துவிடலாம். பெயர் ஏடிமெகா328பி. 28 கால்கள், எட்டு பிட் கணிப்பு, நொடிக்கு 1.6 கோடி துடிப்பு. நிரலைச் சேமிக்க 32 கிலோபைட் ஃப்ளாஷ் நினைவகம் உண்டு. ஓடும்போது கணக்குப் போட்டுப் பார்க்க இருக்கும் தற்காலிக நினைவகமோ வெறும் 2 கிலோபைட். யுனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் வேண்டும். அந்தக் கணக்கில் இந்தக் கட்டுரையின் நீண்ட பத்தி ஒன்றுகூட அதில் முழுதாக அடங்காது. மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ரோம் தனியாக 1 கிலோபைட். அதில் ஒரே இடத்தில் 1,00,000 முறை எழுதலாம் என்று தயாரிப்பாளர் உறுதி சொல்கிறார். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையை அங்கே பதியும்படி நிரல் எழுதினால் 28 மணி நேரத்துக்குள் அந்த உத்தரவாதம் தீர்ந்துபோகும்.

இந்தச் சிப் போர்டில் பற்றவைக்கப்படாமல் ஒரு சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எரிந்துபோனால் நெம்பி எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். எரியும் என்று எதிர்பார்த்தே செய்த ஏற்பாடு இது.

மின்சாரம் உள்ளே வரும் வழிதான் போர்டில் மிகவும் ருசிகரமான பகுதி. வட்ட ஜாக்கில் அடாப்டரைச் செருகினால் மின்சாரம் முதலில் சந்திப்பது ஒரு டையோடை. பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் அது கதவைச் சாத்திவிடும், எதுவும் கெடாது. அதைத் தாண்டினால் ரெகுலேட்டர். 7 முதல் 12 வோல்ட் வரை எது வந்தாலும் 5 வோல்ட்டாக்கித் தருகிறது. எப்படி? மீதியை வெப்பமாக எரித்துவிடுகிறது, அவ்வளவுதான். 12 வோல்ட் அடாப்டர் போட்டு 200 மில்லியாம்பியர் இழுத்தால் சுற்றுக்குப் போவது 1 வாட், ரெகுலேட்டரில் சூடாக வீணாவது 1.4 வாட். விரலை வைத்துப் பார்த்தால் சட்டென்று எடுத்துவிடுவீர்கள். அதே வேலைக்கு 9 வோல்ட் அடாப்டர் போட்டால் வீணாவது 0.8 வாட்தான். ரெகுலேட்டரும் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னையே நிறுத்திக்கொள்ளும்.

யுஎஸ்பி வழியாக வரும் மின்சாரத்துக்கு வேறு பாதுகாப்பு. அங்கே 500 மில்லியாம்பியர் ஃபியூஸ் ஒன்று உண்டு. வீட்டு ஃபியூஸ்போல உருகிப்போகிற வகை இல்லை. கரித்துகள் கலந்த பாலிமர் துண்டு அது. சாதாரணமாகத் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் மின்சாரம் ஓடும். எங்காவது ஷார்ட் ஆகி அதிகம் ஓடினால் சூடேறி, பாலிமர் விரிந்து, துகள்களின் தொடர்பு அறுகிறது. கம்பியைச் சரிசெய்து ஆறவிட்டால் பழையபடி வேலை செய்யும். அப்பாவின் லேப்டாப்பில் போர்டைச் செருகி ஷார்ட் அடிக்கும் பிள்ளைகள் திட்டு வாங்காமல் தப்புவதில் இதற்கும் பங்கு உண்டு. அடாப்டர், யுஎஸ்பி இரண்டையும் ஒரே நேரத்தில் செருகினாலும் குழப்பமில்லை. ஒரு ஒப்பீட்டுச் சுற்று அடாப்டர் மின்னழுத்தத்தை அளந்து, அது போதும் என்றால் யுஎஸ்பி பக்கத்தைத் துண்டித்துவிடும்.

யுஎஸ்பி சாக்கெட் பக்கத்தில் சின்னதாக ஒட்டியிருக்கும் சதுரச் சிப், ஏடிமெகா16யு2, ஒரு துபாஷி. கணினி பேசும் யுஎஸ்பி மொழி பெரிய சிப்புக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்த சீரியல் மொழிக்கு இது மாற்றிச் சொல்கிறது. இன்னொரு காரியமும் செய்கிறது. கணினி தொடர்பைத் திறந்ததும் ஒரு சமிக்ஞை 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வழியே பெரிய சிப்பின் ரீசெட் காலைக் கண நேரம் கீழே இழுக்கும். சிப் விழித்ததும் உள்ளே குடியிருக்கும் அரை கிலோபைட் பூட்லோடர், ‘புது நிரல் ஏதும் வருகிறதா’ என்று சற்றுக் காத்திருந்து பார்த்துவிட்டு, இல்லையென்றால் பழையதை ஓட்டும். சீரியல் மானிட்டரைத் திறக்கும்போதெல்லாம் நிரல் முதலிலிருந்து தொடங்குவதைப் பார்த்துப் புதியவர்கள் மிரள்வார்கள். காரணம் இந்தக் கெப்பாசிட்டர்தான்.

போர்டில் 16.000 என்று பொறித்த பளபளப்பான உலோகக் கூடு ஒன்று தெரியும். அதுதான் போர்டின் இதயத்துடிப்பு என்று பல பாடங்களில் படம்போட்டு அம்புக்குறி இட்டிருப்பார்கள். ஆனால் ஊனோவில் அந்தக் கூட்டுக்குள் இருக்கும் படிகம் துபாஷிச் சிப்புக்கு உரியது! யுஎஸ்பி விதிப்படி வேகம் கால் சதவீதத்துக்கு மேல் பிசகக் கூடாது என்பதால் அதற்குக் குவார்ட்ஸ் படிகம். நம் நிரல் ஓடும் பெரிய சிப்புக்கோ மணியளவு பீங்கான் ரெசனேட்டர்தான். அரை சதவீதம் வரை பிசகலாம். அரை சதவீதம்தானே என்று எண்ண வேண்டாம். நாளுக்கு 86,400 நொடி. அதில் அரை சதவீதம் 432 நொடி, அதாவது ஏழு நிமிடத்துக்கு மேல். ஊனோவை மட்டும் நம்பிச் சுவர்க்கடிகாரம் செய்தால் ஒரே வாரத்தில் பேருந்தைத் தவறவிடலாம். கடிகாரம் வேண்டுமென்றால் டிஎஸ்3231 போன்ற தனி நேரச் சிப்பை இணைப்பதே வழி.

ஓரங்களில் வரிசையாக இருக்கும் துளைகள் வெளியுலகத்துக்கான வாசல்கள்: 14 டிஜிட்டல் பின்கள், 6 அனலாக் பின்கள். அனலாக் பின் 0 முதல் 5 வோல்ட் வரை வருவதை 1,024 படிகளாகப் பிரிக்கும். படிக்கு ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். எல்எம்35 வெப்ப உணரி டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும் என்பதால் அரை டிகிரிக்குக் கீழான மாற்றத்தைப் போர்டு உணராது. அது மட்டுமில்லை, அளவுகோலாக எடுத்துக்கொள்வதே தனக்கு வரும் 5 வோல்ட்டைத்தான். யுஎஸ்பியில் 4.7 வோல்ட்தான் வருகிறது என்றால், அறையில் 30 டிகிரி இருக்கும்போது திரை 32 காட்டும். உணரியைக் குறை சொல்லிப் பயனில்லை.

டிஜிட்டல் பின் 7-க்கும் 8-க்கும் நடுவில் மட்டும் இடைவெளி 2.54 மில்லிமீட்டருக்குப் பதில் நாலு மில்லிமீட்டர் இருக்கும். தொடக்க கால வடிவமைப்பில் நேர்ந்த பிசகு அது. கவனிப்பதற்குள் அந்த அளவில் போர்டின்மேல் செருகும் துணைப்பலகைகள் சந்தைக்கு வந்துவிட்டதால், அடுத்தடுத்த போர்டுகளிலும் அப்படியே விட்டுவைத்தார்கள்.

காவல் இல்லாத இடங்களும் இந்தப் பின்களில்தான் இருக்கின்றன. ‘விஐஎன்’ என்று குறித்த துளை டையோடைத் தாண்டி இருக்கிறது. அங்கே மாற்றிக் கொடுத்தால் தடுக்க ஆளில்லை. 5 வோல்ட் துளையில் வெளியிலிருந்து 9 வோல்ட் கொடுத்தால் ரெகுலேட்டரைச் சுற்றிக்கொண்டு நேரே சிப்புக்குப் போகும். ஒரு பின் நிம்மதியாகத் தரக்கூடியது 20 மில்லியாம்பியர், உச்ச வரம்பு 40. சாதாரண 5 வோல்ட் ரிலேயின் சுருள் மட்டும் 70 மில்லியாம்பியர் கேட்கும். நேராக மாட்டினால் அந்தப் பின் போய்விடும்.

2023-இல் வந்த ஊனோ ஆர்4-இல் நிலைமை மாறியிருக்கிறது. 48 மெகாஹெர்ட்ஸ் சிப், 32 கிலோபைட் தற்காலிக நினைவகம், மீதி மின்னழுத்தத்தைச் சூடாக எரிக்காத புதுவகை ரெகுலேட்டர். ஆனால் சிப்பைப் பற்றவைத்துவிட்டார்கள், போனால் போனதுதான். கற்றுக்கொள்கிறவருக்குப் பழையதே மேல் என்பது என் கட்சி.

சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி நகல்கள். வரைபடம் பொதுவில் இருப்பதால் நகலெடுப்பதில் தவறில்லை. ஆர்டுயினோ என்ற பெயரை அச்சிடுவதுதான் குற்றம். துபாஷிச் சிப்புக்குப் பதில் சீனத் தயாரிப்பான சிஎச்340 இருந்தால் கவலை வேண்டாம், நன்றாகவே உழைக்கும். ரெகுலேட்டரை மட்டும் உற்றுப் பாருங்கள். ஏஎம்எஸ்1117 என்று எழுதியிருந்தால் அதன் உச்ச வரம்பு 15 வோல்ட். அசல் போர்டுக்குச் சொல்லப்படும் 20 வோல்ட் அதற்குப் பொருந்தாது. சாக்கெட்டில் சிப் செருகியிருக்கும் போர்டாகக் கேட்டு வாங்குங்கள், 9 வோல்ட் அடாப்டர் போடுங்கள், ரிலேயையும் மோட்டாரையும் டிரான்சிஸ்டர் வழியாக மட்டுமே இணையுங்கள்.